பாதி மையோடு படியிறங்காதீர்கள்

2023 கோடையில் கேரள உயர் நீதிமன்றம் வக்கீல்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. கீழமை நீதிமன்றங்களில் மே 31 வரை கறுப்புக் கோட்டும் கவுனும் கட்டாயமில்லை, வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும் போதும். திருவனந்தபுரம் வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் நல்ல வெயிலில் நின்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி. மைப்பேனா வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். அதுவரை சட்டைப் பையின் நீலக் கறையைக் கோட்டு மறைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு மறைக்கக் கோட்டு இருந்ததில்லை. நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் வருகிற வேலை. சேர்ந்த முதல் மாதம், ஏசி அறையில் மதியம் வரை எழுதிய பேனாவைப் பையில் செருகிக்கொண்டு எம்.ஜி. ரோட்டு வெயிலில் அரை கிலோமீட்டர் நடந்தேன். போன இடத்தில் கையெழுத்துப் போட மூடியைத் திறந்தால் விரல், காகிதம், சட்டை மூன்றிலும் மை. எதிரே இருந்தவர் மரியாதைக்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர், வயதான வக்கீல் குமாஸ்தா, கறையின் காரணத்தைக் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டார். "மக்களே, பாதி மையோட பேனாவ வெயிலுக்குக் கொண்டு போவப்பிடாது. ஒண்ணு நெறச்சிக்கோ, இல்லன்னா காலியாக்கிக்கோ." அவ்வளவுதான் சொன்னார். அன்றுவரை பேனா கக்கினால் நான் மையைத் திட்டுவேன், நிப்பைத் திட்டுவேன். குற்றவாளி இரண்டும் இல்லை, உள்ளே இருக்கும் காற்று.

கணக்கு எளிது. நம்மூர் கட்டைப் பேனா, அதாவது உடம்பையே மைப்புட்டியாக்கி ஃபில்லரால் ஊற்றுகிற பேனா, சுமார் 3 மில்லி பிடிக்கும் என்று வையுங்கள். பாதி தீர்ந்தால் 1.5 மில்லி காற்று. 24 டிகிரி ஏசியிலிருந்து வெளியே வந்து, சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு 34 டிகிரி ஆனால் அந்தக் காற்று மூன்று சதவீதத்துக்குச் சற்று மேலே விரியும். உள்ளே மையின் ஈரமும் ஆவியாகி அதோடு சேர, விரிவு ஆறு சதவீதத்தை நெருங்கும். அதாவது ஏறக்குறைய 0.09 மில்லி. ஒரு சொட்டு 0.05 மில்லி என்றால், இரண்டு சொட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளைச் சட்டைக்கு அது தாராளம். நிறைத்த பேனாவில் காற்று கால் மில்லிகூட இருக்காது. விரிந்தாலும் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கின் வரிப்பள்ளங்களே தாங்கிக்கொள்ளும். அந்தப் பள்ளங்கள் அழகுக்குச் செதுக்கியவை அல்ல, உபரி மை தங்குவதற்கான இடம்.

ஆகவே மை ஊற்றும் நேரத்தை மாற்றுங்கள். தீர்ந்த பிறகு ஊற்றுவது பள்ளிக்கூடப் பழக்கம். பக்கத்து பெஞ்சில் இரண்டு சொட்டுக் கடன் வாங்கிய காலத்தோடு அதை விட்டுவிடலாம். இரவு சாப்பாடு முடிந்ததும் சமையலறைத் தொட்டி ஓரத்தில் நின்று கழுத்தின் மரைக்குக் கீழே வரை நிரப்புங்கள். மரையில் குண்டூசித் தலை அளவு சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடுங்கள். நிப்பு கீழே பார்த்திருக்கப் பழைய துணியில் ஒற்றி, நாக்கில் தேங்கியதை எடுத்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால், நிறைத்த பேனாவும் காலையில் ஒரு சொட்டு துப்பும்.

அடுத்தது, நிப்பு வானம் பார்த்து இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மை அடியில், காற்று மேலே. விரிகிற காற்று நாக்கு வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறும். படுக்க வைத்தாலோ தலைகீழாக்கினாலோ காற்று மையை முன்னே தள்ளிக்கொண்டு வரும். தோள்பையின் அடியில் பேனா எந்தத் திசையில் உருள்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் பைக்குள் நிமிர்ந்து நிற்கிற ஒரு சின்ன அறை வேண்டும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது. வெயிலில் நிறுத்திய வண்டியின் அந்தப் பெட்டி அடுப்புக்குப் பங்காளி.

வெயிலிலிருந்து வந்ததும் மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்துத் திறக்கிற மூடி உறிஞ்சுகுழல் மாதிரி மையை வெளியே இழுக்கும். நிப்பை மேலே பிடித்து, மெதுவாகத் திறந்து, ஒரு தடவை துடைத்துவிட்டு எழுதுங்கள். திருகுமூடி இந்த விஷயத்தில் தேவலை.

புதிதாக வாங்குகிறவர்கள் உடம்பு எதனால் ஆனது என்று பாருங்கள். மெல்லிய உலோகப் பேனா கைச்சூட்டை உடனே உள்ளே கடத்தும். எபோனைட், அதாவது கெட்டிப்படுத்திய ரப்பர், சூட்டை மெதுவாகத்தான் விடும். திருவள்ளூரில் கடைசல் இயந்திரத்தில் கையால் கடைந்து செய்யும் ரங்கா பேனாக்கள் அந்த வகை. அலுவலகத்துக்கு மட்டும்தான் பேனா என்றால் உள்ளே மாட்டுகிற சின்ன மைக்குழாய்களான கன்வெர்ட்டரையோ கார்ட்ரிட்ஜையோதான் நான் சொல்வேன். பெரும்பாலும் ஒரு மில்லியை ஒட்டியே பிடிப்பதால், காலியானாலும் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. கட்டைப் பேனாவின் ருசி எனக்கும் தெரியும், ஆனால் நாளைக்கு நூறு கையெழுத்துப் போடுகிறவருக்கு ருசியைவிடச் சட்டை முக்கியம். 1941இல் வந்த பார்க்கர் 51 இன்னும் பழைய பேனாக் கடைகளில் மதிப்போடு விற்பதற்கு, கழுத்துக்குள் மறைந்து உபரி மையைத் தாங்கும் அதன் பெரிய தேக்கியும் ஒரு காரணம்.

மையிலும் கவனம் வேண்டும். ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ஈரக் கை பட்டாலே ராயல் புளூ கரையும். கையெழுத்துக்குப் பர்மனென்ட் புளூ பிளாக் வையுங்கள். மினுமினுப்பு மை வேலைநாளுக்கு வேண்டாம், நாக்கை அடைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கறை பட்டால் தேய்க்காதீர்கள். அடியில் வெள்ளைத் துணி வைத்து ஒற்றி எடுங்கள், சட்டையின் பின்புறத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஓடவிடுங்கள், பிறகு சோப்பு. கறை முழுக்கப் போகும் முன் இஸ்திரி போட்டால் அந்தச் சட்டை அதன்பிறகு வீட்டுச் சட்டை.

மைப்பேனா எல்லா இடத்துக்கும் ஆகாது. கேரள பி.எஸ்.சி.யின் ஓ.எம்.ஆர். தாளுக்கு நீலம் அல்லது கறுப்பு பால்பாயிண்ட்தான். கார்பன் வைத்த படிவத்தில் மைப்பேனாவை அழுத்தினால் நிப்பு விரிந்ததுதான் மிச்சம். நேர்காணலுக்கு அன்று காலையில் மை மாற்றிய பேனா வேண்டாம். இரண்டு நாள் எழுதிப் பார்த்ததை எடுத்துப் போங்கள். கேரளத்தில் கிரீன் புரோட்டோகால் என்கிற பசுமை நடைமுறைக்காரர்கள் பிளாஸ்டிக் பேனாவை விட்டு மைப்பேனாவுக்கு மாறச் சொன்னாலும், இந்தக் காரணங்களுக்காகவே நான் பையில் ஒரு பால்பாயிண்டை வைத்திருக்கிறேன்.

அதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. வங்கி வரிசையில் யாராவது "ஒரு பேனா தருமோ" என்று கேட்டால் அதைக் கொடுக்கலாம். வேறு வழியில்லாமல் மைப்பேனாவைத்தான் கொடுக்க வேண்டியிருந்தால், அந்த ரயில் குமாஸ்தா செய்கிற மாதிரி மூடியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூடியில்லாத பேனாவை யாரும் மறதியாகத் தன் பையில் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள்.