கெலி மீனும் அதன் முள்ளும்



தஞ்சோங் காராங் வயல் வாய்க்கால் முதல் நம் செம்பனைத் தோட்டத்துக் கான்கள் வரை எங்கும் கிடைப்பது கெலி மீன். தமிழ்நாட்டில் இதைத் தேளி என்பார்கள். பெயருக்கேற்றபடி தேள் போலவே கொட்டும். இப்போது பலர் வீட்டுப் பக்கத்தில் குளம் வெட்டியும், தொட்டி கட்டியும் இதை வளர்ப்பதால், இதன் குணத்தை அறிந்துகொள்வது அவசியம்.

கெலிக்குச் செதில் கிடையாது; உடம்பெல்லாம் வழுவழுப்பு. வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை உண்டு. இருட்டிலும் கலங்கல் நீரிலும் அவற்றால் தடவித்தான் இரை தேடும். இரவில்தான் சுறுசுறுப்பு. 1980-களில் இங்கு வந்த ஆப்பிரிக்கக் கெலிதான் இன்று குளங்களில் அதிகம். மூன்று நான்கு மாதத்தில் விற்பனைக்குத் தயாராகிவிடும். பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்னும். ஆகவே அளவு பார்த்துப் பிரித்து விடவேண்டும்.

செவுளுக்கு மேலே இதற்குக் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு ஒன்று உண்டு. அதனால் மற்ற மீன் செத்து மிதக்கும் கெட்ட தண்ணீரிலும் கெலி பிழைக்கும். "மீன் உயிரோடதானே இருக்கு, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள். பாராகுவாட் 2020-இல் தடைசெய்யப்பட்டாலும், வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. மருந்துத் தோம்பு கழுவும் கானில் பிடித்த மீனைச் சமைக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் குளத்துக்கும் விடாதீர்கள். எந்தக் கெலியானாலும் உள்ளே வேகும்வரை நன்றாகச் சமையுங்கள்.

மீசை குத்தும் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். மீசை ஒன்றும் செய்யாது. தலைக்குப் பின்னால் இருபக்கத் துடுப்பிலும் உள்ள முள்தான் ஆபத்து. மிரண்டால் அதை விறைப்பாக நிமிர்த்திக்கொள்ளும். குத்தினால் கடுகடு என்று வலித்து வீங்கும். அப்போது செய்யவேண்டியவை:

1. நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவுங்கள்.

2. பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் குத்துப்பட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருங்கள். சூடு பட்டால் விஷத்தின் வீரியம் குறையும். கொதிக்கும் நீர் கூடவே கூடாது. குத்துப்படாத கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

3. கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். புகையிலை, மண்ணெண்ணெய், சாணம் எதையும் அப்பாதீர்கள்.

4. முள் ஒடிந்து உள்ளே இருந்தாலும், கடைசியாக ஏற்புசன்னி ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருந்தாலும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

இனிப்பு நீர் வியாதியும் கல்லீரல் வியாதியும் உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது. சின்னக் குத்துதானே என்று விட்டால், சேற்றுக் கிருமி உள்ளே போய், விரலோடு நிற்கவேண்டியது கால்வரை ஏறிவிடும். காய்ச்சல், சீழ், சிவப்பு பரவுதல் யாருக்குக் கண்டாலும் அன்றைக்கே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கூலி போய்விடுமே என்று மறுநாளைக்குத் தள்ளவேண்டாம்.

மீன் பிடிக்கும்போது தடித்த கையுறையும் பூட்ஸும் போடுங்கள். கானில் எலி மூத்திரக் காய்ச்சலும் பரவும் என்பதால் பூட்ஸ் இரட்டிப்புப் பாதுகாப்பு. குளத்தைச் சுற்றி வேலி போடுங்கள். முள் குத்தினால் மருந்து உண்டு; குளத்தில் விழும் குழந்தைக்கு வேலி ஒன்றுதான் காவல்.