மரைக்காயர் – ஒரு பெயராய்வு

முன்னுரை

பெயர் என்பது ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் குறி மட்டுமன்று. அவர்தம் முன்னோர் செய்த தொழிலையும் வாழ்ந்த வாழ்வையும் பொதிந்து வைத்திருக்கும் பேழையும் ஆகும். தமிழக முஸ்லிம்களிடையே வழங்கும் இராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்னும் பெயர்கள் இத்தகையன. 'இராவுத்தர்' குதிரையேறும் வீரரைக் குறித்த சொல். மயிலேறும் முருகனை அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் இச்சொல்லாலேயே விளிக்கின்றார். 'லெப்பை' மார்க்கக் கல்வியோடு தொடர்புடையது. குதிரையேறியவர்க்கு ஒரு பெயர் அமைந்தாற்போலக் கப்பலேறியவர்க்கு அமைந்த பெயரே 'மரைக்காயர்' என்பதாம்.

அண்மையில் நம் மாணவர் ஒருவர் மூன்று தாள்களைக் கொணர்ந்து காட்டினார். பாட்டனாரின் கிரயப் பத்திரத்தில் 'மரக்காயர்' என்றிருந்தது. தந்தையாரின் பள்ளிச் சான்றிதழில் 'மரைக்காயர்' என்றிருந்தது. அம்மாணவரின் சான்றிதழிலோ அப்பெயரே இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கப்பட்டிருக்கவே, "ஐயா, இவற்றுள் எது சரி? இது சாதிப் பெயர் என்றால் எழுதாமலே விட்டுவிடலாமா?" என வினவினார். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பு

இச்சொல்லின் பிறப்புப் பற்றி இரு கருத்துகள் வழங்குகின்றன. 'மரக்கலம்' என்னும் தமிழ்ச் சொல்லின் அடியாக, மரக்கலத்தை உடையவர், செலுத்துபவர் என்னும் பொருளில் பிறந்தது என்பது ஒன்று. கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது என்பது மற்றொன்று.

அரபு மொழியில் ஏறிச் செல்லுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது 'மர்கப்'. விலங்கின்மீது ஏறுதல், கலத்தில் ஏறுதல் ஆகிய இரண்டிற்கும் அவ்வேரே அடிப்படை. திருக்குர்ஆனில் 'ஹூத்' அத்தியாயத்தில், நபி நூஹ் அவர்கள் தம் மக்களைக் கப்பலில் ஏறப் பணிக்கும் இடத்தில் இவ்வேரினின்று பிறந்த வினையே ஆளப்பெற்றுள்ளது. எனவே பொருள் நிலையில் இக்கருத்து ஒதுக்கத்தக்கதன்று.

எனினும் ஒலி நிலையில் ஒரு தடை உண்டு. அரபுச் சொற்களின் ஈற்றிலுள்ள 'ப்' ஒலி தமிழில் 'பு' என நிற்பதே இயல்பு. கிதாப் 'கிதாபு' ஆயிற்று. ஸவாப் 'சவாபு' ஆயிற்று. அம்முறைப்படி மர்கப் என்பது 'மர்க்கபு' என நின்றிருத்தல் வேண்டும். 'மரக்காயர்' என ஆதற்கு வழி அரிது. மேலும், இலங்கை முஸ்லிம்களைச் சிங்கள மக்கள் 'மரக்கல' என்னும் சொல்லால் குறித்து வந்தனர். மரக்கலம் என்னும் முழுச்சொல்லின் உருவம் அதில் தெளிவாகவே நிற்கின்றது. ஆதலின் மரக்கலத்தின் அடியாகப் பிறந்தது எனக் கொள்வதே பொருத்தம் என்பது நம் கருத்து.

இவ்வாறு கூறுவதால் அரபுத் தொடர்பை மறுத்தோம் ஆகாது. கடற்கரை ஊர்களில் இரு மொழிகளும் ஒரே திண்ணையில் பேசப்பட்டன. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் அங்கே தழைத்தது. கப்பலைச் செலுத்துபவரை நாம் 'மாலுமி' என்கிறோம். அது கற்பிப்பவர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். கலத்திற்குத் தமிழ்ப் பெயரும் அதனைச் செலுத்துவார்க்கு அரபுப் பெயரும் அமைந்த சூழலில், மரக்கலமும் மர்கப்பும் ஒன்றையொன்று நினைவூட்டியே வழங்கியிருத்தல் வேண்டும்.

எழுத்து வேறுபாடு

'மரக்காயர்' எவ்வாறு 'மரைக்காயர்' ஆயிற்று? அமச்சு 'அமைச்சு' எனவும், அரயர் 'அரையர்' எனவும் வருவதை நன்னூலார் போலி என்பர். ஆயின், அகரம் ஐகாரமாதல் ச, ஞ, ய என்னும் எழுத்துகளின் முன்னரே நிகழும் என்பது அவர் வகுத்த விதி. இங்கோ ககர மெய் வருதலின் அவ்விதி பொருந்தாது. ஆகவே இதனைப் பேச்சு வழக்கு எழுத்திலும் நிலைபெற்றதாகவே கொள்ளல் வேண்டும். பிறப்பிற்கு நெருங்கியது 'மரக்காயர்'. வழக்கில் வென்றது 'மரைக்காயர்'. இரண்டும் பிழையல்ல.

வரலாற்றிலும் இலக்கியத்திலும்

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களை வரைபடத்தில் தொட்டுச் சென்றால் இப்பெயர் வழங்கும் நிலப்பரப்புப் புலனாகும். அனைத்தும் கடற்கரை ஊர்கள். மேலைக் கரையில் இது 'மரக்கார்' எனக் குறுகிற்று. கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாகப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரை எதிர்த்துப் போராடியோர் குஞ்ஞாலி மரக்கார்கள். அவர்களுள் நான்காமவர் 1600ஆம் ஆண்டில் கோவாவில் கொல்லப்பட்டார்.

தமிழ் இலக்கியத்தை வளர்த்ததிலும் இப்பெயருக்குச் சிறப்பிடம் உண்டு. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர். அவர்தம் ஆதரவில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தைத் தொடங்கினார். வள்ளல் மறைந்தபின் அப்பணிக்குத் துணை நின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். புலவர் தம் நூலுள்ளேயே அவரைப் போற்றியுள்ளார். ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு காப்பியம் கடல் வாணிகத்தில் ஈட்டிய பொருளால் வளர்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கடல் கடந்த வடிவங்கள்

கலம் சென்ற இடமெல்லாம் பெயரும் சென்றது. இலங்கையில் 'மரிக்கார்' எனவும், மலேசியாவின் பினாங்கு, கெடா பகுதிகளில் 'மெரிக்கான்' எனவும் குடும்பப் பெயராக நிலைத்தது. காரைக்காலில் பிறந்து, 1967இல் புதுச்சேரியின் முதலமைச்சரான எம்.ஓ.எச். ஃபாரூக் அவர்களின் பெயரிலும் 'மரைக்காயர்' இருந்தது.

மறுபுறம், தாயகத்தில் பெயர் மறைந்தும் வந்தது. 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் இராமேசுவரத்தில் படகு வைத்திருந்தவர், மரைக்காயர் மரபினர். மைந்தரின் பெயரிலோ முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் நின்றன, மரைக்காயர் நிற்கவில்லை. முதலெழுத்து வழக்கம் பரவிய தமிழகத்தில் பல குடும்பங்களில் நிகழ்ந்தது இதுவே.

சாதிப் பெயரா?

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். 1929ஆம் ஆண்டுச் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிற்குப் பின் சாதிப் பட்டங்களைத் துறப்பது தமிழகத்தில் பெருமைக்குரிய செயலாயிற்று. அவ்வழியில் இதனையும் துறக்கலாமே என இளைஞர் எண்ணுவது இயல்பே. அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலிலும் இராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் லெப்பைகளுடன் சேர்த்துக் குறிக்கப்பட்டிருப்பதால் இவ்வெண்ணம் வலுப்பெறுகின்றது.

ஆயின் பிறப்பால் உயர்வு கற்பிக்க எழுந்த பெயர் அன்று இது. தொழிலால் அமைந்த பெயர். மனிதர் பல கிளைகளாக அமைந்தது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்றும், இறையச்சம் மிக்கவரே மேலானவர் என்றும் திருக்குர்ஆனின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் அறிவுறுத்துகின்றது. அறிமுகத்திற்கு உதவும் வரை பெயர் நன்று. பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேசும் இடத்தில், "நாங்கள் மரைக்காயர், நீங்கள் யார்?" என்னும் கேள்வி எழுமாயின், அங்கே தொழிற்பெயர் சாதிப் பெயராகத் திரிந்துவிட்டது. இத்திரிபு நம்மிடையே அறவே இல்லை என நாம் கூறத் துணியோம். களைய வேண்டியது அத்திரிபையே, பெயரை அன்று.

முடிவுரை

மாணவரிடம் நாம் கூறிய விடை இதுவே: ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்திருத்தல் வேண்டும், ஆதலின் சான்றிதழில் உள்ளவாறே எழுதுக. பெயரில் மரைக்காயர் இல்லாமையால் குறைவில்லை. இருந்தால் அதனால் உயர்வும் இல்லை. ஆனால் பாட்டனாரின் பத்திரத்தைப் பத்திரப்படுத்துக. கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் இத்தகைய பத்திரங்களும், அரபுத் தமிழில் எழுதிய கடிதங்களும் கணக்கேடுகளும் இன்னும் பெட்டிகளில் உறங்குகின்றன. வீடு இடிக்கும் போது அவை குப்பையோடு போகின்றன. நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் இல்லத்துப் பெட்டியைத் திறந்து, கிடைத்த பெயர்களை அவை எழுதப்பட்டுள்ளவாறே படியெடுத்து வருவாராயின், இக்கட்டுரையில் நாம் விட்ட பகுதிகளை அவர்களே எழுதி முடிப்பர்.