தங்கவயலின் நில அதிர்வும் தரவுப் பதிவுப் பலகையும்

பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் செல்லும் கிளை இருப்புப்பாதை 1894-இல் திறக்கப்பட்டது. அவ்வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை தோண்டப்பட்டது. அத்தகைய ஆழத்தில், வெட்டியெடுத்த இடங்களைச் சுற்றியுள்ள பாறை மேற்சுமையைத் தாங்கமாட்டாமல் திடீரெனச் சிதறுவதுண்டு. பாறை வெடிப்பு எனப்படும் இந்நிகழ்வு தொழிலாளர் பலரைப் பலிகொண்டது. தரைமேலுள்ள குடியிருப்புகளையும் அதிர வைத்தது. இதனைக் கண்காணிக்க 1978-இல் அதிர்வுமானிகளின் வலையம் நிறுவப்பட்டது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே தொடங்கப்பட்டது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டு நீர் நிரம்பிய பின்னரும் அதிர்வுகள் நின்றுவிடவில்லை.

அன்று பெருஞ்செலவில் அமைந்த பதிவுக் கருவியின் பணிகளுள் பலவற்றை இன்று உள்ளங்கையளவான ஒரு மின்னணுப் பலகை செய்யவல்லது. செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு வாயில்கள் ஆகிய அனைத்தும் ஒரே சில்லில் அமைந்ததே மைக்ரோகண்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தி. அதனுடன் தொடுதிரை, நினைவட்டை, உணரிகளை இணைக்கும் முனைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பயிற்சிக்கும் சோதனைக்கும் ஏற்றதாக ஆக்கியதே உருவாக்கப் பலகை. 2005-இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ இவ்வகையைப் பரவலாக்கியது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் வடிவமைத்த தேஜஸ்-32 சில்லைக் கொண்ட ஏரீஸ் பலகைகள் கிடைக்கின்றன.

நில அசைவை மின்னழுத்தமாக மாற்றுவது ஜியோபோன். அம்மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி 12 பிட்டு உடையதாயின், 3.3 வோல்ட் 4,096 படிகளாகப் பிரிகிறது. ஒரு படி ஏறத்தாழ 0.8 மில்லிவோல்ட். மெல்லிய அதிர்வு இப்படியை எட்டாமலே போகலாம் என்பதால் இடையில் பெருக்கி இன்றியமையாதது.

அடுத்தது பதிவின் அளவு. வெப்பநிலையை நிமிடத்திற்கு ஒருமுறை, 30 பைட்டு வீதம் எழுதினால் ஓராண்டுக்கு ஏறத்தாழ 1.6 கோடி பைட்டே ஆகும். அதிர்வின் கதை வேறு. மூன்று திசைகளிலும் நொடிக்கு 200 முறை, அளவு ஒன்றுக்கு 2 பைட்டு எனக் கொண்டால் ஒரே நாளில் 10 கோடி பைட்டைத் தாண்டிவிடும். எனவே ஒரு லட்சம் பைட்டு நினைவகத்தைச் சுழல்முறையில் ஒதுக்கிக் கடைசி 80 நொடிகளை எப்போதும் வைத்திருந்து, அதிர்வு குறிப்பிட்ட வரம்பைக் கடக்கும்போது மட்டும் முன்னும் பின்னுமாக அட்டையில் எழுதுவதே முறை.

எனினும் உண்மையான சோதனை கடிகாரத்தில்தான் உள்ளது. அதிர்வு தோன்றிய இடத்தை, அது பல நிலையங்களை வந்தடைந்த நேரங்களின் வேறுபாட்டிலிருந்தே கணிக்கிறோம். கடும்பாறையில் முதல் அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் செல்லும். ஆயிரத்தில் ஒரு நொடி பிழைத்தால் 6 மீட்டர் பிழைக்கும். பலகையிலுள்ள சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிறழக்கூடியது. அதாவது நாளொன்றுக்கு 1.7 நொடி. அந்த ஒரு நாட் பிழை 10 கிலோமீட்டர் தொலைவுக்குச் சமம். அதிர்வு எந்தக் குடியிருப்பு வரிசையின் அடியில் தோன்றியது என்பதிருக்க, தங்கவயலுக்குள்ளா வெளியிலா என்றுகூட அப்பதிவால் சொல்ல இயலாது. வெப்பத்திற்கேற்பத் திருத்திக்கொள்ளும் கடிகாரச் சில்லும் நாளுக்கு 0.17 நொடி வரை தவறக்கூடும். ஆகவே ஜி.பி.எஸ். ஏற்பி நொடிதோறும் தரும் துடிப்பைக் கொண்டு கடிகாரத்தைச் சரிசெய்தல் வேண்டும். நிலையங்கள் தரைமட்டத்தில் அமைவதால் இதற்குத் தடையில்லை.

பலகையின் விலை சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் அடங்கிவிடும். மின்கலம் மாற்றவும், அட்டையை எடுத்துவரவும், ஜியோபோனை அளவீடு செய்யவும் ஆண்டு முழுவதும் ஆகும் செலவே பெரிது. திட்ட மதிப்பீடுகளில் கருவிக்கு ஒரு தலைப்பு தவறாமல் இருக்கும்; அதைப் பேணச் செல்லும் ஆளின் பயணத்திற்குத் தலைப்பைத் தேடத்தான் வேண்டும்!

தொடுதிரையைப் பொறுத்தவரை, அழுத்தத்தால் இயங்கும் மலிவான வகையே இங்குப் பொருந்தும். ஈரடுக்குத் தகடுகள் தொடும் இடத்தின் மின்னழுத்தத்தை அது அளப்பதால், கையுறையோடும் இயக்கலாம். முகப்பில் அலைவடிவத்தை அழகாக வரைந்துகாட்டவே மாணவர் விரும்புவர். பார்வையிட வரும் பணியாளருக்கோ, கடிகாரம் கடைசியாகச் சரிசெய்யப்பட்ட நேரம், அட்டையில் எஞ்சிய இடம், மின்கலத்தின் அழுத்தம் ஆகிய மூன்றும் முதற்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் தெரிதல் வேண்டும்.