தூரத்திலிருந்தும் உறவைப் பேணுவோம்

காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் நம் பிள்ளைகளைத் திருச்சிக்கும் சென்னைக்கும் படிக்க அனுப்புகிறோம். திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும், சென்னை நியூ காலேஜும் 1951-ல் தொடங்கப்பெற்ற நாள் முதல் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் விடுதி வாழ்வைக் கண்டுவிட்டார்கள். கல்வி தேடிச் செல்வது சிறந்த காரியம்தான். ஆனால் கல்வி வளரும்போதே உறவு தேய்வதையும் நாம் காண்கிறோம். இதற்கு மார்க்கம் காட்டும் வழி யாது? இம்மாதப் பாடமாக இதனைச் சிந்திப்போம்.

ஸஹீஹுல் புகாரியில் மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று இருக்கிறது. அவர்களும், ஏறத்தாழ ஒத்த வயதுடைய வாலிபர்கள் சிலரும் மதீனா வந்து, நபி (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கி மார்க்கம் பயின்றார்கள். அவர்கள் வீட்டாரை நினைத்து ஏங்குவதை இரக்கமே உருவான பெருமானார் தாமே உணர்ந்துகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பின்னர், குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுடன் தங்கியிருக்கும்படியும், கற்றதை அவர்களுக்குக் கற்பிக்கும்படியும் பணித்தார்கள். தாம் தொழக் கண்டவாறே தொழும்படி அண்ணலார் கூறிய புகழ்பெற்ற கட்டளையும் இந்த வாலிபர்களுக்குச் சொல்லப்பட்டதே!

இதில் நமக்குப் பாடங்கள் பல. வீட்டை நினைத்து ஏங்குவது கோழைத்தனமல்ல. நபியவர்கள் அதைக் கேலி செய்யவில்லை. அதே சமயம், அந்த வாலிபர்கள் இருபது இரவுகள் தங்கிக் கற்கவும் செய்தார்கள். ஆகவே வாரந்தோறும் வகுப்பை விட்டு ஊருக்கு ஓடுவதும் சரியல்ல. வருடம் முழுவதும் வீட்டை மறந்திருப்பதும் சரியல்ல. விடுதிப் பொறுப்பாளர்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. முகம் வாடியிருக்கும் மாணவனிடம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதும் ஒரு சுன்னத்தான செயலன்றோ?

இனி, செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, தொடர்பு சிறிதாயினும் நிரந்தரமாக இருக்கட்டும். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்த நபிமொழி. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுவதைவிட, நாள்தோறும் இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் உம்மாவுடன் பேசுவது மேலானது. முன்னாளில் கடிதம் வர நாட்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று கைபேசி சட்டைப் பையிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைத் தட்டிவிட்டால் கடமை தீர்ந்ததாகுமா? உம்மா கேட்க விரும்புவது பிள்ளையின் குரலை அல்லவா?

இரண்டாவது, பணம் தேவைப்படும்போது மட்டும் வாப்பாவை நினைப்பது கூடாது. கைபேசி ஒலித்ததுமே, இம்முறை எவ்வளவு வேண்டுமோ என்று வாப்பா எண்ணும் நிலை வந்தால் அது நமக்குப் பெருமையா? ஒரு பாடத்தில் தவறிவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்த பொய்தான் பிள்ளையை வீட்டிலிருந்து தூரமாக்குகிறது. பெற்றோரும் மதிப்பெண்ணை மட்டுமே கேட்காமல், சாப்பிட்டாயா, தொழுதாயா, தூங்கினாயா என்றும் கேட்கட்டும்.

மூன்றாவது, உறவு என்பது உம்மா வாப்பாவோடு நிற்பதன்று. அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனமே, அல்லாஹ்வை அஞ்சச் சொல்லும் இடத்தில் இரத்த உறவுகளையும் சேர்த்து எச்சரிக்கிறது. சாச்சா பேசவில்லை, மாமி விசாரிக்கவில்லை என்று நாமும் இருந்துவிடலாமா? பதிலுக்குப் பதில் செய்பவர் உறவைப் பேணுபவர் அல்லர். முறிந்த உறவைச் சேர்ப்பவரே பேணுபவர் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை.

நான்காவது, ஊர் நண்பர்கள். உடன் ஓதிய ஒருவன் இன்று கடையில் நிற்பான்; இன்னொருவன் வளைகுடாவில் உழைப்பான். பட்டம் படிக்கிறோம் என்ற எண்ணத்தால் அவர்களை விட்டு விலகுவது பெருமையின் வாசல். மனத்தாங்கல் வந்தாலும் மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருக்க நமக்கு அனுமதியில்லை. பேச இயலாத நாளில் துஆச் செய்யலாமே! கண்ணுக்கு மறைவாயிருக்கும் சகோதரனுக்காகச் செய்யும் துஆவுக்கு மலக்கு ஆமீன் கூறி, அதுபோன்றதே துஆச் செய்தவருக்கும் கிடைக்க வேண்டுகிறார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது.

ஐந்தாவது, விடுமுறையில் வீடு வந்தால் வீட்டில் இருங்கள். உடல் கூடத்திலும் உள்ளம் கைபேசியிலும் இருப்பது வந்ததாகாது. தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். வாப்பாவின் பழைய நண்பரைத் தேடிச் சென்று ஸலாம் சொல்லுங்கள். தந்தையின் நண்பர்களோடு உறவு பேணுவதை நன்மைகளிலெல்லாம் உயர்ந்ததாக நபியவர்கள் கூறியிருக்கிறார்கள்.

படிப்பு மூன்றாண்டிலோ நான்காண்டிலோ முடிந்துவிடும். ஆனால் பட்டத்தோடு திரும்பும் நாளில், வாழ்த்தத் துடித்த உம்மம்மா உயிரோடு இருப்பார்கள் என்பதற்கு யாரால் உறுதி கூற முடியும்? ஆகவே இன்றே, இந்தப் பக்கத்தை மூடியதும், நெடுநாளாகப் பேசாத ஓர் உறவினருக்கு ஸலாம் சொல்லுங்கள்.

கல்வியையும் உறவையும் ஒருசேரப் பேணும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.