கத்தியின் ஆழம்



கோலகங்சாருக்குப் போனால், 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்பதைப் பார்க்கலாம். பேராக் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டியதும் இந்த இனத்து மரத்தைத்தான்.

வெட்டுப்பட்டாலும் பால் தரும் மரம்போல் தியாகம் செய்யுங்கள் என்று மேடைகளில் கேட்டிருப்போம். இன்று மரத்தை விட்டுவிட்டுக் கத்தியைப் பார்ப்போம்.

பால் இருப்பது பட்டையில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. அதைத் தொடாமல் சீவினால் பட்டை மறுபடி வளரும்; சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்டலாம். ஆழமாக வெட்டினால் அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். அப்புறம் அங்கே கத்தி ஓடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதும் மரம் தேறுவதற்காகத்தான்.

அகிம்சை என்றால் யாரிடமும் எதையும் எடுக்காமல் வாழ்வதா? அது நம்மால் ஆகாது. உயிர்ப்படலத்தைத் தொடாமல் எடுப்பது நம்மால் ஆகும்.

அம்மாகிட்ட காசு கேட்கிறோம். "இருக்குய்யா, எடுத்துக்கோ"ன்னு சொல்றாங்க. அது ஓவர்டைம் காசா, அடகு வைத்த சங்கிலியா? நாம் கேட்டதுண்டா? ராத்திரி இரண்டு மணிவரை கைப்பேசி பார்க்கிறோம். உடம்பும் உடனே ஒன்றும் சொல்வதில்லை.

மரம் வாய் திறக்காது. வெட்டுகிறவனுக்குத்தான் ஆழம் தெரியணும்.

இந்த வாரம் வீட்டில் கை நீட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "உங்களுக்கு மிச்சம் இருக்காம்மா?"