தோலின் வழியே மரபணு: ஓர் இளம் ஆய்வாளருக்குக் கடிதம்



டிஎன்ஏ தடுப்பூசியில் கிருமியும் இல்லை, கிருமியின் புரதமும் இல்லை. அப்புரதத்துக்கான மரபணு, பிளாஸ்மிட் எனப்படும் வளைய வடிவ டிஎன்ஏவில் பொருத்தப்பட்டு உடலுக்குள் அனுப்பப்படுகிறது. உடலின் செல்களே புரதத்தை உண்டாக்கி நோயெதிர்ப்பு மண்டலத்தின் பார்வைக்கு வைக்கின்றன. எனவே பிளாஸ்மிட் எந்தச் செல்லைச் சென்றடைந்தது என்பது, அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இணையான கேள்வியாகும். பிளாஸ்மிட்டை வடிவமைப்பதில் மாதங்களைச் செலவிட்டு, விலங்கின் உடலில் அதைச் செலுத்துவதைக் கடைசி நாளின் கைவேலையாகக் கருதும் ஆய்வாளர், சோதனையின் பாதியைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார்.

இத்துறையின் தொடக்கமே இதற்குச் சான்று. 1990இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் வுல்ஃப் குழுவினர், சுண்டெலியின் தசையில் வெறும் டிஎன்ஏவை ஊசியால் செலுத்தினாலே அங்கு அதற்குரிய புரதம் உண்டாவதைக் காட்டினர். 1992இல் டாலஸ் நகரில் டாங், டிவிட், ஜான்ஸ்டன் ஆகியோர், மனித வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணுவைப் பூசிய நுண்ணிய தங்கத் துகள்களைச் சுண்டெலியின் காதுத் தோலில் பாய்ச்சி, அந்த ஹார்மோனுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தோன்றியதை அறிவித்தனர். அவர்கள் கையாண்ட ஜீன் துப்பாக்கி, 1980களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் சான்ஃபோர்டும் உடன் உழைத்தோரும் தாவரச் செல்களுக்குள் மரபணுவைப் புகுத்துவதற்காக உருவாக்கிய கருவியின் வழி வந்ததாகும்.

தோலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. 1868இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் விவரித்த, கிளைகள் நீண்ட செல்கள் மேல்தோலில் பரவிக் கிடக்கின்றன. அடித்தோலில் அவற்றையொத்த டென்ட்ரிடிக் செல்கள் உள்ளன. இவை அயற்பொருளைப் பற்றி, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு சென்று, டி செல்களுக்குக் காட்டும் காவலர்கள். ஆனால் காவல் மிகுந்த இடத்தில் கதவுகளும் இறுக்கமானவை: வெளியே, இறந்த செல்களாலான கொம்புப் படலம்; உள்ளே, எதிர்மின்னூட்டம் கொண்ட பெரிய மூலக்கூறான டிஎன்ஏவை எளிதில் விடாத செல் சவ்வு. ஒவ்வொரு செலுத்துமுறையும் இவ்விரு கதவுகளில் எதை எவ்வாறு கடக்கிறது என்று கேட்டுப் பார்த்தால், முறைகளின் பட்டியல் மனப்பாடமாக இராமல் பொருள் விளங்கும் ஒன்றாகிவிடும்.

அடித்தோலுக்குள் ஊசியால் செலுத்தும் முறை முதல் கதவை மட்டுமே கடக்கிறது. செலவு குறைவு, ஆயினும் கைப்பழக்கம் மிகுதியாக வேண்டும். சுண்டெலியின் தோல் மெல்லியது. அதன் அடியிலேயே பானிகுலஸ் கார்னோசஸ் என்னும் தசைப்படலம் ஓடுகிறது. ஊசிமுனை சிறிது ஆழ்ந்தாலும் மருந்து தோலடித் திசுவுக்கோ அத்தசைக்கோ போய்விடும். அப்போது தோல்வழிச் சோதனை என்று பெயரிடப்பட்டது வேறொரு சோதனையாகிவிடும். சாய்வுமுகம் மேல்நோக்கியிருக்க, நுண் ஊசியைத் தோலுக்கு ஏறத்தாழ இணையாக நுழைத்து, சிறு அளவு திரவத்தை மெல்லச் செலுத்தும்போது வெளிறிய கொப்புளம் எழுமானால், மருந்து உரிய அடுக்கில் நின்றது என்று கொள்ளலாம். வேறு ஆய்வுகளில் இறந்த விலங்குகளின் தோலில் சாயநீரைக் கொண்டு இதைப் பழகிய பின்னரே உயிருள்ள விலங்கைத் தொடுவது முறை.

ஜீன் துப்பாக்கி இரு கதவுகளையும் ஒருங்கே உடைக்கிறது. ஹீலியம் வாயுவின் அழுத்தத்தால் விரையும், ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுள்ள தங்கத் துகள்கள், டிஎன்ஏவைச் செல்லின் உட்புறத்திலேயே சேர்க்கின்றன. 1993இல் ஹாரியட் ராபின்சன் குழுவினர், இன்ஃப்ளூயன்சாவுக்கு எதிரான சோதனைகளில், உப்புநீரில் கரைத்து ஊசியால் செலுத்துவதற்குத் தேவைப்பட்ட டிஎன்ஏவைவிட இம்முறைக்கு 250 முதல் 2500 மடங்கு குறைவாகவே போதும் என்று கண்டனர். ஆனால் சிக்கனம் மட்டுமே அளவுகோலன்று. சுண்டெலிகளில் தசை ஊசி பெரும்பாலும் உதவி டி செல்களின் டிஎச்1 வகை எதிர்வினையையும் அதன் அடையாளமான ஐஜிஜி2ஏ எதிர்ப்பொருளையும் தூண்ட, ஜீன் துப்பாக்கி டிஎச்2 வகையையும் ஐஜிஜி1ஐயும் நோக்கிச் சாய்கிறது. அதே மரபணு, அதே விலங்கு. வழி மாறியதால் விடையின் இயல்பே மாறுகிறது. இதை அளக்கும்போது, சி57பிஎல்/6 வகைச் சுண்டெலிகளில் ஐஜிஜி2ஏ இல்லை, அதன் இடத்தில் ஐஜிஜி2சி உள்ளது என்பதை மறப்பவர், இல்லாததைத் தேடி, எதிர்வினை இல்லையென்று முடிவு கட்டிவிடுவார்.

மின்துளையாக்கம், ஊசி திறந்துவைத்த முதல் கதவுக்குப் பின், குறுகிய மின்துடிப்புகளால் செல் சவ்வில் தற்காலிகத் துளைகளை உண்டாக்கி இரண்டாவதையும் திறக்கிறது; வலி தரும் முறையாதலால் மயக்கமருந்து இன்றியமையாதது. பச்சை குத்தும் கருவியைக் கொண்டு டிஎன்ஏவைத் தோலில் பதிக்கும் முறையை 2005இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் விவரித்தனர். புரத உற்பத்தி சில நாட்களிலேயே அடங்கிவிடுவதைக் கண்டு, சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் செலுத்தினர். தோலின் மேல் வெறுமனே தடவும் முறை 1999இல் ஸ்டான்ஃபோர்டில் பலனளித்தபோது, இயல்பான மயிர்க்கால்கள் இருந்தால்தான் அது நிகழும் என்பதும் தெரியவந்தது. அடர்ந்த மயிருள்ள சுண்டெலியின் வெற்றியை மனிதத் தோலுக்கு அப்படியே நீட்டிவிட முடியாமைக்கு இதுவே ஒரு காரணம். பன்றியின் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது என்பதால் அது இடைப்படியாகிறது.

இம்முறைகளையொட்டி மயிரை மழிப்பதும், ஒட்டுநாடாவால் கொம்புப் படலத்தை உரிப்பதும், மின்துடிப்பும் டிஎன்ஏ இல்லாமலேயே தோலின் காவலர்களை எழுப்பிவிடக் கூடியவை. ஆகையால் ஒப்பீட்டுக் குழு என்பது ஒன்றும் செய்யப்படாத விலங்குகளன்று. வெற்றுப் பிளாஸ்மிட்டோடு அதே மழிப்பும் அதே துகளும் அதே மின்துடிப்பும் பெற்ற விலங்குகளே. ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை முதலில் செலுத்தி, அது எந்த அடுக்கில் ஒளிர்கிறது என்று தோலின் மெல்லிய சீவல்களில் பார்த்துவிடுவது, பின்னால் வரும் பல ஐயங்களை முன்கூட்டியே தீர்க்கும்.

இந்த உழைப்பு வீண்போவதில்லை என்பதற்கு அகமதாபாத்தின் ஜைடஸ் நிறுவனம் உருவாக்கிய கோவிட்-19 தடுப்பூசியான சைகோவ்-டி சான்றாக நிற்கிறது. 2021 ஆகஸ்டில் இந்தியாவில் அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற அது, மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட முதல் டிஎன்ஏ தடுப்பூசி. ஊசியின்றி, நுண் திரவத் தாரையால் தோலுக்குள் செலுத்தப்பட்டது.

எனினும் முதற்கடன் கூண்டிலுள்ள உயிருக்கே. விலங்குச் சோதனைகளுக்கென ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மாற்று தேடல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் ஆகிய மூன்று நெறிகளும் நெறிமுறைக் குழுவின் படிவத்தோடு முடிபவையல்ல. கொப்புளம் எழாத ஊசியையும் பதிவேட்டில் எழுதும் நேர்மையிலேயே அவை உயிர்பெறுகின்றன. தவறிய ஊசியை மறைத்து எடுத்த சராசரி, அதை நம்பி அடுத்தவர் மீண்டும் செய்யும் சோதனையில் இன்னும் பல விலங்குகளைப் பலிகொள்ளும். ஆதலால், எழாத கொப்புளத்தையும் எழுதி வைக்க.