பதின்ம வயதும் புற்றுநோயும்

திரிங்காப் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு முழங்கால் வலித்தால், அது மேடு பள்ளம் ஏறி இறங்கிய வலி என்போம். பந்து விளையாடும் பதினைந்து வயது மாணவனுக்கு வலித்தால், அடிபட்டிருக்கும் என்போம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஏனெனில், பதின்ம வயதினரிடையே புற்றுநோய் அரிதானது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, ஆண்டுதோறும் 19 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 400,000 பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். எல்லா வயதினரையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை 20 மில்லியனை எட்டும். அதாவது, நூறு நோயாளிகளில் இருவரே இளையோர். இரத்தம், நிணநீர் மண்டலம், மூளை, எலும்பு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் இவர்களிடையே மிகுதி. பெரியவர்களைப் போல் புகைபிடித்ததால் வந்ததென்று இவற்றைச் சொல்ல இயலாது. உயிரணு பெருகும்போது மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றமே பெரும்பாலும் காரணம். இது தொற்றுநோயன்று, யாருடைய கண்ணும் பட்டு வருவதன்று.

கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ் கூடைப்பந்து ஆட்டக்காரர். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் ஆட்டப் பருவம் முடியும்வரை விளையாடினார். 1977-இல், தம் 18-ஆவது வயதில், எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்தார். 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவி, அடுத்த ஆண்டே மறைந்தார். இன்று அதே நோய் பரவுவதற்குமுன் கண்டறியப்பட்டால், பத்தில் ஆறேழு பேர் பிழைக்கின்றனர். பலருக்குக் காலையும் காப்பாற்றிவிடுகின்றனர்.

நம் நாட்டிலும் நம்பிக்கை தரும் சான்று உண்டு. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் இணைந்து, இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு ஆளான 18 வயதுக்குட்பட்டோருக்குச் சிகிச்சையளித்து ஆய்வு நடத்தினர். 2012-இல் வெளியான முடிவின்படி, ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் பத்தில் எட்டுப் பேருக்கு நோய் திரும்பவில்லை. வளம் குன்றிய பல நாடுகளிலோ, புற்றுநோய் கண்ட சிறுவர்களில் பத்தில் மூவர்கூடக் குணமடைவதில்லை. மருந்து மட்டுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணமன்று. காலந்தாழ்த்திக் கண்டறிவதும் சிகிச்சையை இடையில் விடுவதும் உயிரைப் பறிக்கின்றன.

இரவில் உறக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி, கழுத்திலோ அக்குளிலோ சில வாரங்களாகியும் கரையாத கட்டி, காரணமின்றி உடலில் தோன்றும் கன்றிய தடங்கள், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடைக் குறைவு: இவற்றுள் ஏதேனும் நீடித்தால், தானா ராத்தாவில் உள்ள மருத்துவமனைக்குச் சென்று காட்ட வேண்டும். வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருத்தல் தகாது.

இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். மலையிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி, சிலவேளை இரு நாள் கூலி போகும். சில மாதங்களில் பிள்ளையின் முகம் தெளிந்து, பசியும் திரும்பும். ‘இனி எதற்கு?’ என்று பலருக்குத் தோன்றுவது அப்போதுதான். ஆனால், எலும்பு மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கும் நோயணுக்களை அழிப்பவை அதன்பின் கொடுக்கப்படும் மருந்துகளே.